ஒருமுறைதான் ஒலிக்கும்

வந்தாயிற்று, ஆனால் வந்த மாதிரி இல்லை குமுதவல்லிக்கு. தாம்பரத்தில் ரயில் ஏறியதும் கிண்டியில் இறங்கியதும் தேங்கிய மழைத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி இந்தக் கல்லூரிக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்ததும் யாரோ சொல்லிக் கேட்ட செய்தி போலத்தான் இருந்தன. இரும்பு பெஞ்சின் ஈரம் புடவை வழியாக மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது குளிர்ச்சி என்று மனசுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. எதிரே கல்லூரி கேட் ஒரு கதவு சாத்தியும் ஒரு கதவு திறந்தும் கிடந்தது. உள்ளே ஜப்பானிய மொழித் தேர்வு. அவள் கைப்பைக்குள் நான்காக மடித்த ஹால் டிக்கெட், அதில் சிரிக்காத அவள் முகம். இரண்டாம் நிலைத் தேர்வு; எண் குறையக் குறையக் கடினம், லேசில் தேறக்கூடியதல்ல. ஒரு வரி படிக்கவில்லை. ஆகஸ்டில் பேரைப் பதிவு செய்தாள், அடுத்த வாரமே அம்மா குளியலறையில் விழுந்தாள், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் காரியம், அப்புறம் ஒன்றுமில்லை. வாங்கின புத்தகங்கள் கண்ணாடித்தாள் உறை பிரிக்காமல் டிவி மேஜைமேல் இருக்கின்றன, பெண் பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன இனிப்புப் பெட்டி மாதிரி. இந்தக் கேட்டுக்குள் போவதா, வேண்டாமா. யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போகிறதே, அப்படி மனசு அங்கே போவதும் வருவதுமாக இருந்தது. வலியொன்றும் இல்லை. குழிதான்.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஜப்பான் கம்பெனியில் அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை. முப்பது வயசுக்கு மேல் சாயங்கால வகுப்பில் சேர்ந்து கற்ற மொழி. மூன்றாம் நிலை தேறியது எந்தக் காலத்திலோ. மிச்சமெல்லாம் காதுவழி வந்து ஒட்டிக்கொண்டது. எந்தத் திருகை எவ்வளவு முறுக்கவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஜப்பானிய மொழியில் சொல்லிவிடுவாள். வருத்தத்துக்கு எத்தனை சொல் உண்டு, எந்த வருத்தத்துக்கு எந்தச் சொல் என்று கேட்டால் விழிப்பாள். தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். இரண்டாம் நிலை தேறினவர்களைக் கம்பெனி மூன்று வருஷம் ஜப்பானில் உள்ள தாய்த் தொழிற்சாலைக்கு அனுப்புகிறது. கடலோரத்துச் சின்ன ஊர். படத்தில் பார்த்திருக்கிறாள், தேயிலைத் தோட்டமும் தண்டவாளமும் மீன் காயவைத்த கயிறுமாக. முன்னேயும் அழைத்தார்கள். தேர்வு எழுது, தேறினால் போகலாம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: வீட்டில் அம்மா இருக்கிறாள். அந்த வாக்கியத்துக்கு எந்த ஊர்க்காரனும் பதில் சொல்லமாட்டான். கேட்டவர் முகம் இளகிவிடும், தலை குனிந்துவிடும், சிலர் கண்கூடக் கலங்கும். அவள் அதைத் தாழ்ப்பாள் மாதிரி போட்டுவிட்டு உள்ளே சுகமாக இருந்தாள். இப்போது வாக்கியத்தில் எழுவாய் போய்விட்டது. வீட்டில் இருக்கிறாள் என்பது மட்டும் மிஞ்சி நிற்கிறது, யார் என்று இல்லாமல். எழுந்து ரயிலேறி வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் போய்விட்டால், இத்தனை வருஷமும் தடுத்தது அம்மா இல்லை என்றாகிவிடும். அந்த இடத்தில் மனசு முள்ளில் புடவை மாட்டினது மாதிரி நின்றது. எழுதித் தோற்றால் படிக்கவில்லை, அதனால் என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மா செத்த வருஷம், அதனால் என்று சொல்லிக்கொள்ளலாம். செத்தும் அம்மாதான் வந்து தாங்கவேண்டும். தேறிவிட்டாலோ? காது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். காது அவளைக் கேட்காமல் எத்தனையோ சேர்த்து வைத்திருக்கிறது. அதுதான் பயமாக இருந்தது. பயம் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பயம் இல்லை. அடுத்த அறையில் யாரோ நடக்கிற சத்தம் மாதிரி ஒரு பயம், இங்கிருந்து கேட்கிறது, அவ்வளவுதான்.

அவள் வந்திருப்பது ஒருத்தருக்கும் தெரியாது. மேலாளர் நகஹாரா சானுக்கும் தெரியாது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பின அன்று அவர் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்து, இரண்டு கையையும் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, டிசம்பர் தேர்வு எழுதுகிறீர்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் "ஈ தெஸ்" என்றாள். நல்லது என்று அர்த்தம். வேண்டாம் என்றும் அர்த்தம். சாப்பாட்டுக்கடையில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் ஈ தெஸ் என்றுதான் இலையை மூடுவார்கள். படம் நன்றாக இருக்கிறதா என்றாலும் ஈ தெஸ்தான். குரலையும் முகத்தையும் வைத்துத்தான் பிரிக்கவேண்டும். அவள் குரலில் அன்றைக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. முகத்துக்குப் பதிலாக நம் ஊர்த் தலையை ஆட்டினாள், தோளுக்குத் தோள், சரி சரி என்று ஆட்டுகிற ஆட்டல். இந்த ஊருக்கு வந்து ஆறு மாதமே ஆன மனுஷர், இந்தத் தலையாட்டலை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொண்டார். "அப்படியா. உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்," என்று குனிந்தார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டது அவளுக்கு அந்தக் கணமே தெரிந்தது. இல்லை, எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன் என்று ஒரு வரி. வாய் வரைக்கும் வந்தது. பிறர் பேச்சைத் திருத்திச் சொல்வதற்குத்தானே அவளுக்குச் சம்பளம். பதிலுக்குக் குனிந்துவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள். பிறகு யோசித்துப் பார்த்தபோது தான் என்ன அர்த்தத்தில் சொன்னோம் என்றே தெரியவில்லை. ஒருவேளை அவர்தான் சரியாகக் கேட்டாரோ.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு தம்பதி. அவர் அறுபதைத் தாண்டினவர், பேர் ராமபத்திரன் என்று ஹால் டிக்கெட்டைத் தானே ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபார்த்துக்கொண்டார். நான்காம் நிலை எழுத வந்திருக்கிறார், நான்காவது தடவையாக. மகன் யோகோகாமாவில், மருமகள் அந்த ஊர்ப் பெண். "நாலாம் நிலைன்னா நாலு தடவை எழுதணும்னு நெனச்சுட்டார் போல," என்றாள் அவர் மனைவி, யாரிடம் என்றில்லாமல், எல்லோருக்குமாக. "சும்மா இரு ஜெகதா. போன தடவை ஏழு மார்க்குல போச்சு." "பேப்பர் திருத்தறவனுக்கே உங்க பேரு மனப்பாடம் ஆயிருக்கும்." "மெஷின் திருத்துதுடி." "அதுவும் பாவம்தான்." அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மடித்த காகிதத்தில் எழுதியிருந்ததை முணுமுணுத்தார். அந்த மொழியில் வினைச்சொல்லெல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, நம் மொழியைப் போலவே. கடைசிச் சொல் காதில் விழும்வரை அவன் போனானா, போகவில்லையா, போக விரும்பினானா, போயிருக்கக்கூடுமா ஒன்றும் தெரியாது. குமுதவல்லிக்கு ஆரம்பத்தில் பிடித்துப்போனது அதுதான். ஜெகதா இவள் பக்கம் திரும்பி, "எந்த பஸ்ஸும்மா உங்களுக்கு? எவ்வளவோ போயிடுச்சே," என்றாள். "இன்னும் வரல," என்றாள் குமுதவல்லி. "ஞாயித்துக்கிழமைன்னா அப்படித்தான். நம்பர் என்ன?" நம்பர். வாயில் வந்த ஒரு நம்பரைச் சொன்னாள். "அது இந்தப் பக்கமே வராதே," என்றார் ராமபத்திரன், காகிதத்திலிருந்து கண் எடுக்காமல். "நீங்க உங்க வேலையைப் பாருங்க. காதுப் பரீட்சையிலதானே கோட்டை விடறீங்க, அதைக் கவனிங்க," என்று ஜெகதா அவரை அடக்கினாள். "காது என் தப்பா? ஒரே தடவைதான் போடுவான். தும்மினா போச்சு." "வீட்டுல நான் கூப்பிட்டா முதல் தடவையே கேட்டிருந்தா, பழக்கம் வந்திருக்கும்." "நீ கூப்பிடறது பரீட்சையில வராதே ஜெகதா." அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தார். அவள் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு போனாள். பெஞ்சு கொஞ்சம் எழும்பினாற்போல இருந்தது.

ஒரே தடவைதான். ஒலிபெருக்கியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசுவார்கள். அலுவலகமாக இருக்கும், அல்லது நூலகம். நாளைக் கூட்டத்துக்குப் பிரதி எடுக்கவேண்டும், அதற்கு முன்னால் மேலதிகாரியிடம் காட்டவேண்டும், அவர் வெளியே போயிருக்கிறார், அப்படியானால் அறையைப் பதிவு செய்துவிடட்டுமா, இல்லை, அது நான் பார்த்துக்கொள்கிறேன். உடனே கேள்வி வரும்: இந்தப் பெண் இதற்குப் பிறகு முதலில் என்ன செய்வாள்? நாலு விடை. யாரும் திரும்பச் சொல்லமாட்டார்கள். ஒரு மணி ஒலிக்கும், அடுத்த பேச்சு தொடங்கிவிடும். தவறவிட்ட பேச்சை நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போகும். வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், போனதை விடு, ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு வந்துவிடு என்று. அவளால் முடிந்ததில்லை. அம்மா பேசினதும் ஒரே தடவைதான். மூன்றாம் மாடி, ஜன்னல் ஓரக் கட்டில், ஆக்சிஜன் மூடியின் உள்பக்கம் மூச்சு பனிபோலப் படிந்து படிந்து விலகியது. குமுதவல்லி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேம்மா என்றாள். அம்மா முகத்தைத் திருப்பி என்னவோ சொன்னாள். போ என்று ஆரம்பித்தது. மிச்சம் கேட்கவில்லை, வெளியே நர்ஸ் தள்ளிக்கொண்டு போன வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. என்னம்மா என்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மருந்துக்கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தது.

போறேன் என்றாளா. அம்மா ஆயுசில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன்தான். வேறு யாராவது போறேன் என்றுவிட்டால் வாசல்வரை ஓடி வந்து திருத்தச் சொல்லுவாள். போதும் என்றாளா. எது போதும், மருந்தா, மூடியா, மகள் முகமா. போடி என்றிருக்கலாம், அது அம்மாவுக்குக் கமாவும் முற்றுப்புள்ளியும் மாதிரி, கோபத்துக்கும் போடி, கொஞ்சலுக்கும் போடி, நல்ல படம் பார்த்து வந்தாலும் போடி. இல்லை, போர்த்து. போர்த்திவிடு. அங்கே ஏசி பாம்பு மாதிரி சீறிக்கொண்டிருந்தது, அம்மாவின் பாதம் இரண்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, அது இவள் கண்ணில் பட்டது, வந்து மூடலாம் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. போர்த்து என்றுதான் சொல்லியிருந்தால். நாலு விடையில் இதற்குத்தான் அவள் மனசு திரும்பத் திரும்பப் போய் நின்றது. பெரிய அர்த்தம் எதுவும் வேண்டாம்; குளிருகிறது, போர்த்து. இரண்டு விரலால் இழுத்து மூடுகிற வேலை. மூன்று மாதமாக அந்தப் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அழுகை வரும் என்று பார்த்தாள்; வரவில்லை. பெஞ்சின் இரும்பை விரலால் அழுத்தினாள், விரல் வெளுத்தது, விட்டாள், சிவந்தது. சரி, ரத்தம் ஓடுகிறது.

போன் அடித்தது. ஆரணியிலிருந்து செண்பகவல்லி, அவளுடைய அக்கா. "எங்கடி இருக்கே? ஒரே ஹாரன் சத்தமா இருக்கு." "வெளியில." "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வெளியில என்ன? சரி, அதை விடு. அம்மாவோட அரக்குப் பட்டு இருக்கே, நீ வெச்சுக்கிறியா, நான் எடுத்துக்கட்டுமா? அப்புறம் கேட்கலன்னு சொல்லக்கூடாது." "நீ எடுத்துக்கோ." "மயில்கண் கரை போட்ட புடவை?" "அதையும் எடுத்துக்கோ." "ஏன்டி இப்படிப் பேசறே, ரேஷன் கடையில மெஷின் பேசற மாதிரி. அழுது தொலையேன், நல்லா ஆயிடும். இங்க வர்றவங்க எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? பெத்தவளைப் பார்த்துப் பார்த்தே குமுதா வாழாம போயிட்டாளாம். நானும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதே, செத்தவங்களைச் சொல்லக்கூடாது, ஆனாலும் அம்மா உன்னை விட்டிருக்கணும். பிடிச்சு வெச்சுக்கிட்டா." கேட்டுக் கேட்டுப் பழகின பேச்சு. இத்தனை காலமும் இந்த இடம் வந்தால் உம் என்று சொல்லிவிட்டு விட்டுவிடுவாள். உம் என்பதற்குள் அம்மா குற்றவாளியாகிவிடுவாள், இவள் தியாகியாகிவிடுவாள், போன் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இன்றைக்கும் உம் சொல்லத்தான் வாய் திறந்தது. "அம்மா பிடிச்சு வெக்கலக்கா." "என்னது?" "பிடிச்சு வெக்கல. பாஸ்போர்ட் எடு, எடுன்னு நச்சரிச்சதே அவதான். செண்பகா வந்து பார்த்துப்பா, இல்லன்னா ஒரு ஆளைப் போட்டுக்கறேன், நீ போன்னா. ஒவ்வொரு தடவையும் போன்னுதான் சொன்னா." சொல்லி முடித்தபிறகுதான், என்ன சொல்லைச் சொன்னோம் என்று அவளுக்கே காதில் விழுந்தது.

அந்தப் பக்கம் அக்கா வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது. ஜப்பானிய மொழியில் வினையடியைத் தனியே விடமுடியாது. வால் ஒன்று ஒட்டினால்தான் சொல்லாகும். தமிழில் அடியே சொல். வா, உண், நில், போ. எதுவும் ஒட்டாமல் நிறுத்தினால் அது கட்டளை, முழு வாக்கியம், மிச்சம் எதுவும் கிடையாது. சக்கரச் சத்தத்தில் எதுவும் தொலையாமலே இருந்திருக்கலாம். கேட்டதே அவ்வளவுதானோ, சொன்னதே அவ்வளவுதானோ. இருக்கலாம். அம்மா இலக்கணம் படித்தவள் இல்லை, அந்தப் பாதங்கள் வெளியேதான் இருந்தன. ஆனாலும் நாலோடு ஐந்தாவதாக ஒன்று வந்து நின்றது. "அப்ப ஏன்டி போகல?" என்றாள் அக்கா கடைசியில். "பயம்." "என்ன பயம்? ஜப்பான்காரன் கடிச்சா வெக்கிறான்?" "தெரியலக்கா. எனக்குப் பயம், அவ்வளவுதான். அம்மா மேல போட்டுட்டேன்." "இப்ப எதுக்கு இதெல்லாம்? எங்கதான்டி இருக்கே?" "பரீட்சை எழுத வந்திருக்கேன். ஜப்பான் மொழிப் பரீட்சை." "படிச்சியா?" "இல்ல." "ஒண்ணுமே?" "ஒண்ணுமே." "படிக்காம எதுக்குப் போறே, ஃபெயில் ஆகறதுக்கா?" "ஆனாலும் ஆவேன்." அக்கா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சாப்பிட்டியா?" என்றாள். "இல்ல." "அதுவும் இல்ல. நல்லாத்தான் கிளம்பினே," என்று சொல்லி, சிரித்தாளா மூக்கை உறிஞ்சினாளா தெரியவில்லை, போனை வைத்துவிட்டாள்.

குமுதவல்லி எழுந்தாள். தீர்மானித்து எழுந்தாள் என்று சொல்லமாட்டேன். புடவை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது, நின்றால் தேவலை போலிருந்தது. நின்றவள் தெருவைக் கடந்தாள். இனிமேல் தேறினாலும் தோற்றாலும் அது பரீட்சை, வேறொன்றுமில்லை. யார் மேலும் சாய்த்து வைக்க இடமில்லை. அது லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். லேசாக இல்லை, கனமாகவும் இல்லை, வெறும் கையோடு நடக்கிறபோது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதே, அதுபோல இருந்தது. கேட்டின் திறந்திருந்த கதவைக் காவலாளி பாதி இழுத்துவிட்டிருந்தான். அவசரமாக ஓடி வந்த இரண்டு பையன்களை உள்ளே விட்டுவிட்டு, இவளை ஏற இறங்கப் பார்த்தான். நரைத்த தலை, பருத்திப் புடவை, கைப்பை. "துணைக்கு வந்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் மரத்தடிக்குப் போயிடுங்க மேடம். கேட் கிட்ட நிக்காதீங்க." அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தின் கீழே அப்பாக்களும் அம்மாக்களும் பைகளோடும் குடைகளோடும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கால்கள் அவளைக் கேட்காமல் அங்கே திரும்பின. சொன்ன பேச்சைக் கேட்கிற கால்கள். காத்திருக்கும் நாற்காலி எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கால்கள். ஜெகதா அவளைப் பார்த்துவிட்டு, "பஸ் வரலியா? வாங்க, இங்க ஈரமில்ல," என்று விரித்திருந்த செய்தித்தாளைத் தட்டி இடம் விட்டாள். நல்ல இடம். நிழலும் இருந்தது, பேச்சுத் துணையும் இருந்தது. சாயங்காலம்வரை அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குமுதவல்லி அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, காவலாளி கேட்டைச் சாத்தக் கொண்டியைத் தூக்குவதைப் பார்த்தாள்.

"எனக்குத்தாங்க பரீட்சை," என்றாள்.

குரல் பெரிதாக வரவில்லை. பக்கத்தில் ஒரு லாரி போனது. "என்ன மேடம்?" என்றான் அவன், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு.

அவள் கிட்டே போய் இன்னொரு தடவை சொன்னாள்.